போன் நம்முது, சாவி யாருது?

நம்ம பக்கத்து ஊர்கள்ல ஒரு பையனோ பொண்ணோ இன்ஜினியரிங் சேர்ந்துட்டா, டிபார்ட்மென்ட் எதுவா இருந்தாலும் சரி, ரெண்டு வேலை தானா வந்து சேர்ந்துடும். ஒண்ணு, தெருவுல யாரு போன் ஹேங் ஆனாலும் வாங்கிப் பார்க்கணும். ரெண்டு, "இன்னா போன் வாங்கலாம் தம்பி?"ன்னு கேட்டா உடனே பதில் சொல்லணும். சிவில் படிக்கிறவனுக்கும் இதே கதிதான்!

இந்தக் கட்டுரை அந்த ரெண்டாவது வேலையைப் பத்தினது. போன் கம்பெனிகள் பேருக்காகக் கோடிக்கணக்குல விளம்பரம் பண்றாங்க. ஆனா ஒரு சின்ன ஊர்ல எந்த போன் நல்ல போன்னு முடிவு பண்றது பெரும்பாலும் ஓசியில ஆலோசனை சொல்ற இந்த மாதிரி நாலு பேர்தான். அந்த நாலு பேரைக் கம்பெனி எப்படி நடத்துதுங்கிறது அதோட பேரை எப்படி ஏத்துது, எப்படி இறக்குதுன்னு எங்க ஊரை வெச்சே சொல்றேன்.

எங்க ஊர் அம்மையார்குப்பம். திருத்தணியில இறங்கி அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்கணும். ஆர்.கே.பேட்டை பக்கம். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா ஆந்திரா பார்டர் வந்துடும். அதனால தமிழும் தெலுங்கும் கலந்துதான் காதுல விழும். அதுக்கும் மேல விழுறது தறிச் சத்தம். நெசவு ஊர். எங்க வீட்லயும் தறி ஓடுது. டிசைன் படம் வாட்ஸ்அப்ல வரும், கூலி கூகுள் பேயில வரும், பிள்ளைங்க டியூஷன் யூடியூப்ல நடக்கும். பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு போன் வாங்கினா, அது நாலஞ்சு வருஷமாவது ஓடியே ஆகணும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு போன்னு மாத்துற கணக்கெல்லாம் எங்க தெருவுல செல்லாது.

இன்னொரு விஷயம். தறி வெச்சிருக்கிறவங்களுக்கு மெஷினைத் திறக்கிறது ஒரு பெரிய விஷயமே இல்ல. நாடா சரியாப் போகலன்னா நிறுத்திப் பார்ப்பாங்க. பிக்கர் தேஞ்சா மாத்துவாங்க. வேற டிசைன் வேணும்னா டாபியை மாத்திப் போடுவாங்க. முப்பது வருஷத் தறி இன்னைக்கும் ஓடுது. தறியைத் தயாரிச்சவங்க வந்து "இதை நீ திறக்கக் கூடாது"ன்னு சொன்னா எங்கப்பா சிரிப்பார். ஆனா அதே வீட்ல இருக்கிற போன் அப்படித்தான் சொல்லுது.

பூட்டுன்னா என்ன?

தெரிஞ்சவங்க இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா.

போனை ஆன் பண்ணினதும் முதல்ல ஓடுற சின்ன புரோகிராம்களோட வேலை, ஆண்ட்ராய்டைக் கூப்பிட்டு எழுப்பி விடுறது. இதைத்தான் பூட்லோடர்னு சொல்றோம். இது ஒரு வாட்ச்மேன் மாதிரி. கம்பெனி கையெழுத்துப் போட்ட சாஃப்ட்வேரா இருந்தாத்தான் உள்ள விடும். பூட்லோடரை அன்லாக் பண்றதுன்னா, வாட்ச்மேன்கிட்ட "ஓனர் நான்தான், நான் கூட்டிட்டு வர்ற ஆளையும் உள்ள விடு"ன்னு சொல்றது. அதுக்கப்புறம் கஸ்டம் ரோம் போடலாம். கம்பெனி கொடுத்த ஆண்ட்ராய்டை எடுத்துட்டு, ஆர்வலர்கள் தயார் பண்ணின ஆண்ட்ராய்டைப் போடுறதுதான் அது.

ஆனா கதவைத் திறந்தா மட்டும் போதாது. அந்த போனோட கேமரா, சென்சார், டிஸ்பிளே எல்லாத்தையும் ஓட்டுறதுக்கு கெர்னல் வேணும். ஆண்ட்ராய்டுக்கு அடியில இருக்கிறது லினக்ஸ் கெர்னல். அதோட லைசன்ஸ் ஜிபிஎல் வெர்ஷன் 2. அதன்படி, கெர்னலை மாத்தி போன்ல போட்டு விக்கிற கம்பெனி, அந்த மாத்தின சோர்ஸ் கோடை வாங்கினவங்களுக்குக் கொடுத்தாகணும். இது சலுகை இல்ல, கடமை. ஆனாலும் பல கம்பெனிகள் மாசக்கணக்குல இழுத்தடிப்பாங்க, சிலர் பாதியைக் கொடுப்பாங்க, சிலர் கொடுக்கவே மாட்டாங்க. சோர்ஸ் இல்லாம ரோம் செஞ்சா என்ன ஆகும்? "எல்லாம் வேலை செய்யுது, கேமராவும் ப்ளூடூத்தும் மட்டும் வேலை செய்யலை"ன்னு ஒரு குறிப்போட வரும். கஸ்டம் ரோம் போட்டவங்களுக்கு இந்த ஜோக் புரியும்.

ஆக ஒரு கம்பெனி திறந்த மனசோட இருக்கா இல்லையான்னு பார்க்க ரெண்டே கேள்விதான். அன்லாக் பண்ண விடுறியா? கெர்னல் சோர்ஸை நேரத்துக்குக் கொடுக்கிறியா?

அண்ணனும் யுரேகாவும்

எனக்கு இந்தப் பைத்தியம் பெரியப்பா பையன்கிட்ட இருந்து ஒட்டிக்கிச்சு. அண்ணன் எனக்கு எட்டு வயசு மூத்தவர். எங்க தெருவோட முதல் போன் ஆலோசகர். அவர் ஆரம்பிச்சது தமிழுக்காக. ஆண்ட்ராய்டு 2.2, 2.3 காலத்துல பல போன்கள்ல தமிழ் கட்டம் கட்டமாத்தான் தெரியும். ஆப்பரா மினியில ஒரு செட்டிங்கை மாத்தி எல்லாரும் சமாளிச்சாங்க. போன் முழுக்கத் தமிழ் தெரியணும்னா ரூட் பண்ணி சிஸ்டம் ஃபோல்டர்ல தமிழ் எழுத்துருவைப் போடணும். போட்டாலும் கொம்பும் காலும் இடம் மாறி நிக்கும். ஆண்ட்ராய்டு 4 வந்த பிறகுதான் பெரும்பாலும் சரியாச்சு. கம்பெனி செய்யாததை நாமே செஞ்சுக்கலாம்னு அண்ணன் கத்துக்கிட்டது அங்கதான்.

2014 டிசம்பர் 18. மைக்ரோமேக்ஸ் கம்பெனி யூ-ன்னு ஒரு புது பிராண்டை ஆரம்பிச்சு யுரேகாங்கிற போனை அறிமுகப்படுத்துச்சு. விலை 8,999 ரூபாய். அதுல சயனோஜென் ஓஎஸ். சயனோஜென்மாட் 2009-ல ஸ்டீவ் கொண்டிக் எச்டிசி ட்ரீம் போனுக்காக ஆரம்பிச்ச கஸ்டம் ரோம். பின்னாடி அதைச் சுத்தி ஒரு கம்பெனியே வந்தது. அந்தக் கம்பெனிகூட இந்தியாவுக்கு மட்டும் தனி உரிமை ஒப்பந்தம் போட்டிருந்தாங்க மைக்ரோமேக்ஸ். அதே ஓஎஸ்ஸோட இந்தியாவுக்கு வந்த ஒன்பிளஸ் ஒன்னை எதிர்த்து அதே மாசம் டெல்லி ஹைகோர்ட் வரைக்கும் போனாங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஆர்வலர்கள் ஓசியில செஞ்ச ஒரு ரோமோட பேருக்காக ரெண்டு கம்பெனி கோர்ட்ல நின்னுச்சு! அந்தப் பேருக்கு அவ்ளோ மதிப்பு இருந்தது.

யூ இன்னொண்ணும் செஞ்சுது. ரூட் பண்ணினாலும் வாரண்டி போகாதுன்னு சொல்லுச்சு. மைக்ரோமேக்ஸ்னாலே ஆர்வலர்கள் மூஞ்சியைத் திருப்பிக்கிட்ட காலம் அது. அவங்க பழைய போன்கள் பலதுல மீடியாடெக் சிப். அந்தக் காலத்துல அந்த மாதிரி போனுக்கு சோர்ஸ் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. அதே கம்பெனியோட புது பிராண்டை ஒரே மாசத்துல இதே ஆளுங்க தலையில தூக்கி வெச்சு ஆடினாங்க. அண்ணன் ஒண்ணு வாங்கினார். அப்புறம் அவர் பேச்சைக் கேட்டு எங்க தெருவுல இன்னும் நாலு பேர் வாங்கினாங்க. யாரும் விளம்பரம் பார்த்து வாங்கலை.

ஆனா கதை அப்படியே போகலை. சயனோஜென் கம்பெனி 2016 டிசம்பர் 31-ஓட சேவைகளை மூடிடுச்சு. யூ பிராண்டும் மெல்ல மெல்லக் காணாமப் போச்சு. திறந்த மனசு இருந்தா மட்டும் ஒரு கம்பெனி பிழைச்சுடும்னு நான் சொல்ல வரலை. நான் சொல்ல வர்றது அதுக்கப்புறம் நடந்ததை. சயனோஜென்மாட் செத்த சில நாள்லயே அதே கோடை எடுத்து ஆர்வலர்கள் லினியேஜ்ஓஎஸ்ஸா தொடர்ந்தாங்க. ஆண்ட்ராய்டு 4.4-ஓட வந்த யுரேகாவுக்கு ஆண்ட்ராய்டு 7 வரைக்கும் அவங்களே கொண்டு வந்தாங்க. கம்பெனி போயிடுச்சு, போன் போகலை. பூட்டாத கதவால கிடைச்ச லாபம் அது.

ரோம் செஞ்சு பொறந்த கம்பெனி

அடுத்து ஷாவ்மி. 2014 ஜூலையில ஃபிளிப்கார்ட் வழியா மி 3-ஓட இந்தியாவுக்கு வந்தாங்க. நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் என்னன்னா, ஷாவ்மியோட முதல் பொருள் போனே இல்ல. 2010-ல அவங்க வெளியிட்டது மியூஐங்கிற ஒரு கஸ்டம் ரோம். மத்த கம்பெனி போன்ல அதைப் போட்டுப் பார்த்த ஆர்வலர்கள்தான் அவங்களோட முதல் ரசிகர் கூட்டம். அவங்க சொந்த போன் வந்ததே 2011-லதான். அடுத்தவன் வீட்டுக் கதவு திறந்திருந்ததால உள்ள வந்து பெரிய ஆளான கம்பெனின்னு சொல்லலாம்.

2017 ஜனவரியில ரெட்மி நோட் 4. விலை 9,999-ல ஆரம்பம், ஸ்னாப்டிராகன் 625 சிப், 4100 எம்ஏஎச் பேட்டரி. ஆர்வலர்கள் மத்தியில இதுக்கு மிடோன்னு பேர். கம்பெனி வெச்ச கோட்நேம் அது. அதுக்கு எத்தனை ரோம் வந்ததுன்னு எண்ணி முடியாது. பராமரிச்சவங்கள்ல நிறைய பேர் நம்மள மாதிரி இந்தியக் காலேஜ் பசங்க. அந்த வருஷக் கடைசியில சாம்சங்கைத் தாண்டி இந்தியாவுல முதல் இடத்துக்கு ஷாவ்மி வந்துச்சு. ரோம் வந்ததாலதான் விற்பனை ஏறுச்சுன்னு சொன்னா அது பொய். விலைதான் முதல் காரணம். ஆனா "வாங்கு, நாலு வருஷம் கழிச்சும் இதை ஓட்டிடலாம்"னு தைரியமாச் சொல்ல ஆளு இருந்தாங்க. அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? திறந்திருந்த கதவுல இருந்து.

2018 ஆகஸ்ட்ல போக்கோ எஃப்1 வந்தப்ப இதை அவங்களே நல்லாப் புரிஞ்சுக்கிட்டாங்க. 20,999 ரூபாய்க்கு ஸ்னாப்டிராகன் 845. கெர்னல் சோர்ஸ் இழுத்தடிக்காம வந்தது. அன்லாக் பண்ணினா வாரண்டி போகாதுன்னு அறிவிச்சாங்க. அன்லாக்குக்குக் காத்திருக்கிற நேரத்தையும் 72 மணி நேரமாக் குறைச்சாங்க. அதனால என்ன ஆச்சு? ஆண்ட்ராய்டு 8-ஓட வந்த போன், கம்பெனி அப்டேட் 10-ஓட நின்னுச்சு. ஆனா ஆர்வலர்கள் 13-ஐத் தாண்டிக் கொண்டுபோயிட்டாங்க. ஆண்ட்ராய்டே இல்லாம சுத்தமான லினக்ஸை அதுல ஓட்டிப் பார்க்கிறவங்களும் இருக்காங்க. அத்தனை வருஷமா அந்தப் பேரை ஜனங்க பேசிக்கிட்டே இருக்காங்க. எந்த விளம்பரத்துக்கு அவ்ளோ ஆயுசு?

2020-ல எங்க வீட்ல

இப்ப என் கதை. 2020 லாக்டவுன். தறி நின்னு போச்சு. நூல் வரலை, போட்ட துணி போகலை. நான் அப்ப ஸ்கூல்ல, தங்கச்சி எட்டாவது. கல்வி டிவியில பாடம் போச்சுதான். ஆனா மிஸ் ஹோம்வொர்க்கை வாட்ஸ்அப்ல அனுப்புவாங்க, சந்தேகம் கேக்க வீடியோ கிளாஸ். வீட்ல இருந்த ஒரே நல்ல போன் அப்பாகிட்ட. கூலி விஷயம், நூல் விஷயம் எல்லாம் அதுலதான். ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கும் கிளாஸ் வந்தா ஒருத்தர் விட்டுக் கொடுக்கணும். யாரு விட்டுக் கொடுத்திருப்பாங்கன்னு சொல்ல வேண்டியதில்ல. பொண்ணுதான். புது போன் வாங்கலாமேன்னு வாயெடுக்கக்கூட முடியாத நேரம்.

அண்ணன் சென்னையில மாட்டிக்கிட்டார். அவரோட பழைய ரெட்மி நோட் 4 ஊர்ல பெரியம்மா வீட்டு பீரோவுல கிடந்தது. மூணு வருஷம் உழைச்ச போன், பேட்டரி போயிடுச்சு. அண்ணன் போன்ல சொல்லச் சொல்ல நான் வேலையை ஆரம்பிச்சேன். பக்கத்து வீட்டு அக்காவோட அரசு லேப்டாப்பைக் கடன் வாங்கினேன். அன்லாக்குக்கு விண்ணப்பிச்சு, விதிப்படி ஒரு வாரம் காத்திருந்து, கதவைத் திறந்து, ரெக்கவரி போட்டு, ஆண்ட்ராய்டு 10 வெச்ச ஒரு லேசான ரோமைப் போட்டேன். கம்பெனி அந்த போனை ஆண்ட்ராய்டு 7-ஓட நிறுத்தியிருந்தது. கட்டுப்பாடு தளர்ந்ததும் திருத்தணியில புது பேட்டரி போட்டு வாங்கினோம். மொத்தச் செலவு பேட்டரி காசும் கொஞ்சம் நெட்டும்.

முதல் தடவை லோகோ சுத்த ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம் நிக்கவே இல்ல. நெஞ்சு திக் திக்குன்னு அடிச்சுது. அப்புறம் "வணக்கம்"னு வந்துச்சு பாருங்க, செமஸ்டர்ல ஆல் கிளியர் ஆனா வர்ற சந்தோஷம்லாம் அதுக்குப் பின்னாடிதான்.

தங்கச்சி ரெண்டு வருஷம் அதுலதான் படிச்சா. அந்த ரோமைச் செஞ்சவர் யாருன்னு எனக்கு முகம் தெரியாது, ஒரு பட்டப்பேர்தான் தெரியும். ஒரு பைசா வாங்கலை. அந்த ஆள் இல்லன்னா என் தங்கச்சியோட அந்த வருஷம் என்ன ஆகியிருக்கும்னு நான் யோசிக்கிறதுண்டு. அந்த ஆள் இருந்தும் கதவு பூட்டியிருந்தா?

அதுக்கும் எங்க வீட்லயே பதில் இருக்கு. சித்தப்பாவும் அதே சமயத்துல வாங்கின இன்னொரு போன், ஏறக்குறைய அதே விலை, அதே அளவு மெமரி. கம்பெனி பேர் வேண்டாம். அதோட பூட்லோடரைத் திறக்க அதிகாரபூர்வமா வழியே இல்ல. அப்டேட்டும் நின்னு போச்சு. அவர் பையன் படிப்புக்குத் தேவைப்பட்ட ஆப் "உங்கள் போனில் இயங்காது"ன்னு சொல்லிடுச்சு. டிஸ்பிளே நல்லா இருக்கு, ஸ்பீக்கர் நல்லா இருக்கு, கேமரா நல்லா இருக்கு. இப்ப அது அலாரத்துக்கு. சித்தப்பா அதுக்கப்புறம் அந்தக் கம்பெனி போனை வாங்கவே இல்ல. பூட்லோடர்னா என்னன்னு அவருக்குத் தெரியாது. "அண்ணன் பையன் போன் உயிரோட இருக்கு, என்னுது செத்துப் போச்சு" - அவருக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். கம்பெனியோட பேர் கெட இது போதும்.

கம்பெனிப் பக்கமும் நியாயம் உண்டு

ஒரு பக்கமாவே பேசக் கூடாது. பூட்டு போடறதுக்கு உண்மையான காரணங்களும் இருக்கு.

முதல்ல திருட்டு. பூட்லோடரை யாரு வேணும்னாலும் நொடியில திறக்கலாம்னா, திருட்டு போனைத் துடைச்சு விக்கிறது சுலபம். ரெண்டாவது, நடுவுல இருக்கிற வியாபாரிங்க. போனைத் திறந்து, குப்பை ஆப்பும் வேவு பார்க்கிற ஆப்பும் கலந்த போலி ரோமைப் போட்டு, மறுபடி சீல் பண்ணி வித்தாங்க. 2016-ல ஷாவ்மி பூட்லோடரைப் பூட்ட ஆரம்பிச்சப்ப சொன்ன காரணங்கள்ல இதுவும் ஒண்ணு. மூணாவது பணம். பூட்லோடர் திறந்திருக்கான்னு கூகுளோட பிளே இன்டெக்ரிட்டி பரிசோதிக்கும். திறந்திருந்தா சில பேங்க் ஆப்புகளும் பேமென்ட் ஆப்புகளும் ஓடாது. கூலியே போன்ல வர்ற ஊர்ல இது விளையாட்டு இல்ல. அதனால எங்க வீட்ல இன்னைக்கும் சட்டம் இதுதான்: அப்பாவோட கூகுள் பே போனை நான் தொட மாட்டேன்.

ஆனா இந்த மூணுக்கும் மொத்தமா பூட்டுறதுதான் ஒரே வழியா? இல்ல. அக்கவுன்ட் சரிபார்ப்பு, காத்திருப்பு நேரம், திறந்தவுடனே டேட்டா எல்லாம் அழியுறது, "இந்த போன் திறக்கப்பட்டது"ன்னு ஆன் பண்றப்பவே எச்சரிக்கை - இதெல்லாம் ஏற்கனவே இருக்கு. கூகுளோட சொந்த பிக்சல் போனையே செட்டிங்ஸ்ல ஒரு ஆப்ஷனைத் தட்டி, ஒரு கமாண்ட் அடிச்சுத் திறக்கலாம் (அமெரிக்காவுல நெட்வொர்க் கம்பெனி விக்கிற சில மாடல் தவிர). பாதுகாப்பும் திறப்பும் ஒண்ணா இருக்க முடியும்கிறதுக்கு அதுவே உதாரணம்.

கதவைச் சாத்தினா சத்தம் கேக்காது

2011-ல எச்டிசி பூட்லோடரைப் பூட்டினப்ப ஆர்வலர்கள் பெரிய சத்தம் போட்டாங்க. அந்த வருஷம் மே மாசம் அப்போதைய தலைவர் பீட்டர் சௌவே, இனிமே பூட்ட மாட்டோம்னு ஃபேஸ்புக்ல அறிவிச்சார். அது ஒரு காலம்.

இப்ப நிலைமை வேற. ஹுவாவே 2018-ல அன்லாக் கோட் கொடுக்கிறதையே நிறுத்துச்சு. அசுஸோட ஜென்ஃபோன் மேக்ஸ் ப்ரோ எம்1 நம்ம நாட்டு ரோம் ஆர்வலர்களுக்கு 2018-ல செல்லப் பிள்ளை. அதே அசுஸ் 2023-ல புது போன்களுக்கான அன்லாக் வசதியை எடுத்துடுச்சு. ஷாவ்மி 2023-ல ஹைப்பர்ஓஎஸ் கொண்டு வந்ததும், ஆப்ல விண்ணப்பம், பழைய அக்கவுன்ட், ஒரு நாளைக்கு இத்தனை பேர்னு கோட்டா எல்லாம் வந்துடுச்சு. ரோம் செஞ்சு பொறந்த கம்பெனி! 2025-ல சாம்சங்கோட ஒன் யூஐ 8-ல அன்லாக் ஆப்ஷனே காணாமப் போச்சு.

இதுக்கெல்லாம் ஊர்ல யாராவது கொடி பிடிச்சாங்களா? இல்ல. விற்பனை அடுத்த மாசமே விழுந்துச்சா? அதுவும் இல்ல. அதனாலதான் ஆர்வலர்கள் எல்லாம் கணக்குலயே வராத சின்னக் கூட்டம்னு கம்பெனிகள் நினைக்கிறாங்க. எண்ணிக்கையில சின்னக் கூட்டம்தான். எங்க தெருவுல அண்ணனையும் என்னையும் சேர்த்தா ரெண்டே பேர். ஆனா அந்த ரெண்டு பேர்கிட்டதான் அம்பது வீடு கேக்குது.

பூட்டின கம்பெனியை நாங்க திட்டுறதில்ல. அதைப் பத்திப் பேசுறதை நிறுத்திடுறோம், அவ்ளோதான். முன்னாடி "கண்ணை மூடிக்கிட்டு இதை வாங்கு மாமா, நான் பார்த்துக்கிறேன்"னு சொல்வோம். இப்ப "எல்லாம் ஒண்ணுதான் மாமா, ஆஃபர்ல எது இருக்கோ அதை வாங்கு"ன்னு சொல்றோம். கம்பெனி தோக்கிற இடம் இதுதான். "நான் பார்த்துக்கிறேன்"ங்கிற அந்த ஒரு வார்த்தைதான் போன் கம்பெனிக்குச் சம்பளம் இல்லாம உழைச்ச சேல்ஸ்மேன், சர்வீஸ் சென்டர், கஸ்டமர் கேர் எல்லாம். அது போயிட்டா அந்தக் கம்பெனி வெறும் விலைப்பட்டியல்ல ஒரு வரி. நாளைக்கு இன்னொருத்தன் ஐநூறு ரூபா குறைச்சா ஜனங்க அந்தப் பக்கம் போயிடுவாங்க. பிடிச்சு நிறுத்த ஆள் கிடையாது. இந்த நஷ்டம் எந்தக் காலாண்டு அறிக்கையிலயும் தெரியாது. அதனால அவங்களுக்குச் சத்தமும் கேக்காது.

நாம என்ன கேக்கலாம்?

என்னோட கோரிக்கை ரொம்பச் சின்னது. முதல் நாளே எல்லாத்தையும் திறந்து விடுன்னு சொல்லலை. உன் அப்டேட் நிக்கிற நாள்ல சாவியைக் கொடுத்துடு. இனிமே இந்த போனை நீ பார்த்துக்க மாட்டேன்னு முடிவு பண்ணிட்ட. அப்ப பார்த்துக்கத் தயாரா இருக்கிறவனை ஏன் தடுக்கிற? கெர்னல் சோர்ஸ் ஏற்கனவே சட்டப்படி கொடுக்க வேண்டியது. அதோட இதையும் சேர்த்தா எங்க சித்தப்பா போன் மாதிரி எத்தனையோ போன் அலாரமா முடியாது.

நம்ம நாட்டுல இதைப் பேசுறதுக்கு இடமும் இருக்கு. பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில ஒரு குழு அமைச்சுது. அந்த வருஷம் டிசம்பர்ல ஒரு இணையதளத்தையும் ஆரம்பிச்சுது. விவசாயக் கருவி, வண்டி, வீட்டுச் சாதனங்களோட மொபைல் போனும் அந்தப் பட்டியல்ல இருக்கு. இப்போதைக்கு அங்க பேச்சு பெரும்பாலும் ஸ்பேர் பார்ட்ஸ், சர்வீஸ் மேனுவல் பத்தித்தான். பூட்லோடரும் ஒரு ஸ்பேர் பார்ட்தான்னு சொல்ல வேண்டியது கம்ப்யூட்டர் படிக்கிற நம்ம வேலை.

அதுக்கு முன்னாடி நம்ம கையில இருக்கிறது சில:

போன் பரிந்துரைக்கிறப்ப ரேமும் மெகாபிக்சலும் மட்டும் பார்க்காதீங்க. அன்லாக் உண்டா, முந்தின மாடலுக்கு சோர்ஸ் கொடுத்தாங்களா, எத்தனை வருஷம் அப்டேட்னு சேர்த்துப் பாருங்க. இல்லன்னா ஏன் இல்லன்னு கேக்கிறவங்ககிட்ட ஒரு வரி சொல்லுங்க. சும்மா "எல்லாம் ஒண்ணுதான்"னு விட்டுடாதீங்க. நானும் இனிமே விடப் போறதில்ல.

பணம் போற போனைத் தொடாதீங்க. பழைய போன்ல பழகுங்க. முதல்ல பேக்கப், அப்புறம்தான் மத்தது. சார்ஜ் பாதிக்கு மேல இருக்கட்டும். உங்க மாடலோட கோட்நேம் ரோமோட கோட்நேமோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகுதான்னு ரெண்டு தடவை பாருங்க.

மினி பிராஜெக்டுக்குத் தலைப்பு தேடுறவங்களே, வருஷா வருஷம் அதே ஸ்மார்ட் டஸ்ட்பின் வேண்டாம். ஒரு பழைய போனுக்கு கெர்னலை நீங்களே பில்ட் பண்ணி ஓட்டிக் காட்டுங்க. ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பர்ல அஞ்சு யூனிட் படிச்சுப் புரியாதது, ஒரு தடவை போன் பூட் ஆகாம நிக்கிறப்ப புரியும்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்ப வீட்டு பீரோ, டிவி ஸ்டாண்டுக்குக் கீழ, அரிசி டின் பக்கத்துல எல்லாம் தேடிப் பாருங்க. குறைஞ்சது ரெண்டு பழைய போனாவது கிடைக்கும். மாடல் பேரை எழுதிட்டு வாங்க. எது திறக்கும், எது திறக்காதுன்னு நம்ம காலேஜுக்குன்னே ஒரு பட்டியல் போடுவோம். திறக்கிறதை ஒரு ஸ்கூல் பிள்ளைக்குக் கொடுப்போம். திறக்காததோட கம்பெனிக்கு ஒரு மெயில் போடுவோம். பதில் வராம இருக்கலாம். ஆனா இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாவது கேக்கட்டும்.